பதினெட்டாவது மாணவி

அந்த உயர்நிலைப் பள்ளியில் நடப்பவை யாவும் மூன்று வகைக்குள் அடங்கும்: செய்தி, செயல்பாடு, சாதனை. பள்ளியின் இணையப் பக்கத்தில் இந்த மூன்று தலைப்புகள் மட்டுமே இருந்தன. நான்காவதைச் சேர்க்க வட்டாரக் கல்வி அலுவலகத்தின் ஒப்புதல் வேண்டும். ஒப்புதல் கேட்டு அனுப்பும் கோரிக்கை மேற்படி மூன்றனுள் ஒன்றின்கீழ் வர வேண்டும். ஆகவே, நான்காவதாக ஒன்று நடப்பதைப் பள்ளி தவிர்த்து வந்தது. உடற்பயிற்சிக் கூடத்தின் கூரை ஒழுகியபோது, அடியில் வைத்த வாளிகள் ‘நீர்ச் சுழற்சியை நேரில் அறிதல்’ என்ற பெயரில் செயல்பாடுகளில் படத்துடன் வெளியாயின. வேதியியல் ஆசிரியர் ஆண்டின் நடுவில் வேலையை உதறிவிட்டு ஜெர்மனியில் ஒரு முதியோர் இல்லத்தில் சேர்ந்தது, ‘நம் ஆசிரியருக்கு அயல்நாட்டு அழைப்பு’ எனச் சாதனைகளில் இடம்பெற்றது. மாடிக்குச் செல்லும் மின்தூக்கி மும்முறை திறந்துவைக்கப்பட்டது. மும்முறையும் நாடா வெட்டினார்கள், மும்முறையும் படம் வந்தது. மின்தூக்கி மட்டும் ஒருமுறையும் மேலே போகவில்லை.

மின்தூக்கியைப் பற்றி ஆசென் திராக்னெவுக்குத் தெரியும். மின்தூக்கிகளைப் பழுதுபார்ப்பது அவருடைய தொழில். மூன்றாம் திறப்புவிழாவுக்கு முந்தைய நாள் அவரைத்தான் அனுப்பினார்கள். மோட்டார் இன்னும் வந்து சேரவில்லை என்று அவர் சொன்னதற்கு, “கதவு திறக்குதில்ல? அது போதும்” என்று பதில் வந்தது. கதவு நன்றாகவே திறந்தது.

ஆனால் இந்தக் கதை வேறொரு கதவைப் பற்றியது.

ஆற்றங்கரையில் அமைந்த ரூசே நகரில், இறந்தவரை ஊர் அறிவது கதவுகளின் வழியாகத்தான். படமும் பெயரும் கறுப்புக் கரையும் கொண்ட அஞ்சலித் தாளை அவர் குடியிருந்த கட்டடத்தின் கதவில் ஒட்டுவார்கள். வேலை செய்த இடத்தின் கதவில் ஒட்டுவார்கள். நாற்பதாம் நாளிலும் அரையாண்டிலும் ஆண்டு நிறைவிலும் புதுத்தாள் ஒட்டுவார்கள். தாள் இல்லாத கதவு, அந்த மனிதர் தன் வழியே நுழைந்ததே இல்லை என்று சொல்லும் கதவு.

மார்ச் மாதக் கடைசியில் ஒரு காலை, ஆசென் அப்படியொரு தாளுடன் பள்ளி வாசலில் வந்து நின்றார். தாளில் இருந்தவள் அவருடைய மகள் நெவேனா. பதினோராம் வகுப்பு, ‘பி’ பிரிவு. பிப்ரவரியில் தலைவலி என்று படுத்தவளை மூளைக்காய்ச்சல் கொண்டுபோய்விட்டது. அடக்கம் செய்த வாரத்தில் எதை எங்கே ஒட்டுவது என்று அவருக்கு ஓடவில்லை. நாற்பதாம் நாள் நெருங்கியபோது மனைவி ரூமியானாதான் சொன்னாள்: “நாலு வருஷமா அவ நுழைஞ்ச கதவு. அங்க ஒட்டாம வேற எங்க ஒட்டுறது?”

பள்ளிக்குப் புதுக்கதவு வந்திருந்தது. பழைய மரக்கதவு இருந்த இடத்தில் தலைமுதல் தரைவரை கண்ணாடி; அதன் மூலையில், இக்கதவு இன்ன நிதித்திட்டத்தின்கீழ்ப் பொருத்தப்பட்டது என்னும் அறிவிப்பு ஒட்டப்பட்டிருந்தது. அறிவிப்புக்குப் பக்கத்தில் தாளை வைத்து, கோணாமல் இருக்கிறதா என்று அவர் பார்த்துக்கொண்டிருந்தபோது, உள்ளேயிருந்து மிலேவா டீச்சர் ஓடிவந்தார். புவியியல் ஆசிரியை, பாடவேளைகள் குறைந்துபோனதால், அந்த இடைவெளியை நிரப்ப இணையப் பக்கத்தின் பொறுப்பும் அவர் தலையில் விழுந்திருந்தது.

“ஐயோ சார், ஒட்டிடாதீங்க! கண்ணாடி!”

“ஒட்டுநாடாதான் டீச்சர். கறை படியாது.”

“கறை இல்ல சார் பிரச்சினை.” அதற்குள் அவர் படத்தைப் பார்த்துவிட்டார். குரல் இறங்கியது. “ரெண்டாவது பெஞ்ச், ஜன்னலோரம். என் பாடத்துல எப்பவும் ஆத்தையே பாத்துக்கிட்டு இருப்பா. திட்டுனா, ‘அதுவும் புவியியல்தானே டீச்சர்’ம்பா.” கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு வேலை நினைவுக்கு வந்தவராக, “இது எதுல சார் வரும்?” என்றார்.

“எதுல வரும்னா?”

“கதவுல எது ஒட்டுனாலும் இணையப் பக்கத்துலயும் போடணும். செய்தியா, செயல்பாடா, சாதனையா?”

ஆசென் யோசித்தார். யோசிக்க வேண்டிய கேள்வியாகவே அப்போது அவருக்குப் பட்டது.

“செய்தி.”

“செய்தின்னா நல்ல செய்தி மட்டுந்தான் சார். நாப்பதாம் நாளுக்கு என்ன பண்றீங்க?”

“கல்லறைக்குப் போறோம். அவ வகுப்புப் பசங்களும் வர்றாங்க.”

“அப்ப செயல்பாடு,” என்றார் டீச்சர், சற்றே தெம்பாக. “எத்தனை பேர் கலந்துக்குவாங்க? எந்தத் திறன் வளரும்னு ஒரு வரி எழுதணும்.” எழுதப்போகும் வரி தமக்கே கேட்டுவிட்டதுபோல நிறுத்தினார். “நீங்க எதுக்கும் மேடத்தப் பாத்துடுங்க சார். நான் உங்கள வாசல்ல பாக்கவே இல்ல.”

தலைமையாசிரியை கராபாஷேவாவின் அறையில் மூன்று சுவர்களில் கோப்பைகள் இருந்தன. நான்காவது சுவரில், படம் படமாக, கோப்பைகளுடன் கராபாஷேவா இருந்தார். துக்கம் விசாரிப்பதிலும் அவர் தேர்ந்தவர். எழுந்து வந்து கையைப் பற்றினார், காபி வரவழைத்தார், ஜன்னலை மூடினார்.

“திராக்னெவ் சார், உங்க இழப்பு எங்க இழப்பு. ஆனா பாருங்க, இழப்புன்னு எங்க பள்ளியில ஒரு பதிவும் கிடையாது. பதினாலு வருஷமா இந்த நாற்காலியில இருக்கேன். ஒரு எண்கூடக் கீழ இறங்கினதில்ல.”

“நான் ஒரு தாள் ஒட்டத்தான் மேடம் வந்தேன்.”

“ஒட்டினா ஜனங்க படிப்பாங்க. படிச்சா, பொண்ணு இறந்துட்டான்னு தெரிஞ்சிடும்.”

“இறந்துட்டா மேடம்.”

“அது உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். வட்டார அலுவலகத்துக்குத் தெரியாதே.” அவர் நாற்காலியை நெருக்கமாக இழுத்துக்கொண்டார். “அவ வகுப்புல பதினெட்டுப் பேர். விதி என்ன சொல்லுது? ஒண்ணு குறைஞ்சாலும் வகுப்பக் கலைக்கணும். பாதிப் பேர் ‘ஏ’க்கு, பாதிப் பேர் ‘சி’க்கு. இஸ்க்ரா ஒரு பக்கம், போயான் ஒரு பக்கம். எல்லாம் உங்க பொண்ணோட சிநேகிதங்க. அவ இருந்தா இதுக்குச் சம்மதிப்பாளா, சொல்லுங்க?”

அவள் இருந்திருந்தால் வகுப்பில் பதினெட்டுப் பேரும் இருந்திருப்பார்கள் என்பது ஆசெனுக்கு வீடு திரும்பும் வழியில்தான் தோன்றியது. அந்த அறையில் அவருக்கு இஸ்க்ராவின் முகம்தான் நினைவுக்கு வந்தது. அடக்கத்தன்று அந்தப் பெண் குழியருகே நின்றபோது போயானின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். விடச் சொல்ல யாருக்கும் மனம் வரவில்லை.

“எத்தனை நாளைக்கு மேடம்?”

“பன்னிரண்டாவது முடியற வரைக்கும். அடுத்த வருஷம் மே மாசம் பசங்க வெளிய போகட்டும். நானே உங்க பக்கத்துல நின்னு ஒட்டறேன். இது என் வார்த்தை.”

ஆசென் தாளை நான்காக மடித்துச் சட்டையின் உட்பையில் வைத்துக்கொண்டார்.

வீட்டில் ரூமியானா கேட்டாள்: “ஒட்டியாச்சா?”

“கண்ணாடிக் கதவு. ஒட்டுநாடா பிடிக்கல.”

ஏப்ரல் மாதத்தில் ரூமியானாவின் கைபேசிக்குச் செய்திகள் வரத் தொடங்கின. பிள்ளைகளின் வருகையையும் மதிப்பெண்ணையும் பெற்றோருக்கு அன்றன்றே அறிவிக்கும் ஏற்பாடு அது, பிப்ரவரியோடு நின்றிருந்தது. நெவேனாவின் வருகைப் பதிவில் விழுந்திருந்த இடைவெளியைப் பள்ளி அலுவலகத்தில் யாரேனும் கவனித்திருக்க வேண்டும். ‘நெவேனா திராக்னெவா: இன்று ஆறு பாடவேளைகளிலும் வருகை.’ மறுநாளும் அதுவே. அந்த வார இறுதியில்: ‘நெவேனா திராக்னெவா: வரலாறு, ஆறுக்கு ஆறு, மிக நன்று.’

ஆசென் பள்ளிக்குத் தொலைபேசினார். மிலேவா டீச்சர் தாழ்ந்த குரலில் விளக்கினார்: வகுப்பில் இருக்கும் மாணவிக்கு வருகை இருக்க வேண்டும், வருகை இருக்கும் மாணவிக்கு மதிப்பெண் இருக்க வேண்டும், மதிப்பெண் குறைந்தால் வகுப்பின் சராசரி குறையும். “அதுக்காகத்தான் சார் ஆறு. மேடம் தாராளமாத்தான் போடச் சொன்னாங்க.”

“அந்தச் செய்திய மட்டும் நிறுத்துங்க டீச்சர். என் மனைவி பாக்கறா.”

ஆனால் நிறுத்த வேண்டாம் என்று சொன்னவளே ரூமியானாதான். பிற்பகலில் காபி ஆற, மேசைமேல் கைபேசியை வைத்துக்கொண்டு காத்திருப்பாள். மணி ஒலித்ததும் எடுத்துப் படிப்பாள். “ஆறு பாடவேளையும் இருந்திருக்கா,” என்பாள். சில நாள், “இன்னிக்கு இயற்பியல் இருந்துச்சு. அவளுக்குப் பிடிக்காது,” என்பாள். அவள் புத்தி பேதலித்துவிடவில்லை. ஒவ்வொரு சனிக்கிழமையும் கல்லறைக்குப் போய்ப் பூ வைத்துவிட்டுத்தான் வந்தாள். வாரத்தின் மற்ற நாள்களில் மகள் பள்ளியில் இருந்தாள்.

ஜூனில் அழைப்பு வந்தது. பரிசளிப்பு விழாவில் நெவேனாவைச் சிறப்பிக்கப்போவதாகவும், பெற்றோர் வர வேண்டும் என்றும் அதில் இருந்தது.

“சொல்லப்போறாங்க,” என்றாள் ரூமியானா. “எல்லார் முன்னாடியும் சொல்லத்தான் கூப்பிடறாங்க.” கோதுமையை வேகவைத்து, ஆறவிட்டு, வாதுமையும் சர்க்கரைப் பொடியும் தூவி, சிறு கிண்ணங்களில் நிரப்பினாள். இறந்தவர் பெயரால் கொடுப்பது அது. வாங்குகிறவர் ‘ஆண்டவர் மன்னிப்பாராக’ என்று சொல்லி ஒரு கரண்டி உண்பார். ஊரில் எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் தெரியும்.

மேடையில் கராபாஷேவா ஒலிவாங்கியைச் சரிசெய்துகொண்டார்.

“இந்த வருஷத்தோட மிகச் சிறந்த ஒழுக்கத்துக்கான பட்டயம், பதினொண்ணு ‘பி’, நெவேனா திராக்னெவா! இந்த மாணவியப் பத்தி இந்தப் பருவத்துல ஒரு ஆசிரியர்கூட ஒரு புகார் சொன்னதில்ல. தாமதம் இல்ல. கைபேசி இல்ல. பக்கத்துல பேச்சு இல்ல. எதையும் உடைக்கல, எதையும் கேக்கல. என்னோட முப்பது வருஷ அனுபவத்துல இப்படி ஒரு மாணவிய நான் பாத்ததில்ல. எல்லா மாணவரும் இவள மாதிரி ஆயிட்டா, கல்வின்னா என்னன்னு இந்த உலகத்துக்கே நம்ம பள்ளி காட்டிடும்!”

கைதட்டல் எழுந்தது. பதினொண்ணு ‘பி’ உட்கார்ந்திருந்த வரிசையில் மட்டும் எழவில்லை. பட்டயத்தை ஆசென் வாங்கிக்கொண்டார். வேறு என்ன செய்வது என்று தெரியாதபோது மனிதன் நீட்டியதை வாங்கிக்கொள்கிறான்.

விழா முடிந்து ரூமியானா வாசலில் நின்று கோதுமைக் கிண்ணங்களைக் கொடுத்தாள். ஆசிரியர்கள் வாங்கினார்கள், பிள்ளைகள் வாங்கினார்கள், கராபாஷேவாவும் ஒன்றை வாங்கிக்கொண்டு, “அருமை! எண்ணெயே இல்ல, பாருங்க!” என்றார். மிலேவா டீச்சர் நிழற்படக் கருவியைத் தூக்கினார்.

“கொஞ்சம் நெருங்கி நில்லுங்க. கிண்ணத்த மேல பிடிங்க. சிரிங்க, மேடம் பாக்கறாங்க.” சொடுக்கினார். பிறகு கருவியை இறக்காமலே, அதன் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டு, ரூமியானாவுக்கு மட்டும் கேட்கும்படி முணுமுணுத்தார்: “ஆண்டவர் மன்னிப்பாராக.”

மறுநாள் செயல்பாடுகளில் அது வெளியாயிற்று: ‘ஆரோக்கிய உணவு நாள்: முழுத்தானியத்தின் நன்மைகளை அறிந்தனர் மாணவர்கள்.’

ஆசென் நேரில் போனார். “அத எடுத்துடுங்க டீச்சர்.”

“முடியாது சார்.” மிலேவா டீச்சர் நிமிர்ந்து பார்க்கவில்லை. “இணையப் பக்கத்துல ஏறினதும் தானா வட்டார அலுவலகத்துக்குப் போயிடும். அங்க எண்ணிக்கையில சேர்ந்துட்டா யாராலயும் எடுக்க முடியாது. மேடம் நெனச்சாலும் முடியாது. போன வருஷம் அவங்க பேரையே தப்பா போட்டுட்டேன். இன்னும் அப்படியேதான் இருக்கு.”

ஜூலையில் செய்திகள் நின்றன. ரூமியானா பிற்பகல்களில் கைபேசியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “லீவு விட்டாச்சில்ல,” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அந்தக் கோடை அவர்களுக்கு நீண்டது. செப்டம்பர் நடுவில் பள்ளி திறந்த அன்று, ‘நெவேனா திராக்னெவா: ஆறு பாடவேளைகளிலும் வருகை’ என்று வந்தபோது, அவள் கைபேசியை மார்போடு அணைத்துக்கொண்டதை ஆசென் பார்த்தார். பார்க்காதவர்போல முற்றத்துக்குப் போய்விட்டார்.

அக்டோபரில் வட்டார அலுவலகத்து ஆய்வாளர் வருவதாக இருந்தது. மின்தூக்கியின் மோட்டார் ஒருவழியாக வந்து சேர்ந்திருந்தது. நான்காம் திறப்புவிழாவை அவரைக் கொண்டு நடத்துவது என்று முடிவாயிற்று. மின்தூக்கியை ஓட்டிக்காட்ட ஆசெனை அவர் வேலைசெய்த நிறுவனம் அனுப்பியது. நாடா வெட்டப்பட்டது. ஆய்வாளர் உள்ளே வந்து நின்றார். நரைத்த மீசையும் நல்ல குணமும் கொண்ட மனிதர். ஆசென் பொத்தானை அழுத்தினார். மின்தூக்கி, வாழ்வில் முதன்முறையாக, மேலே போயிற்று.

“நல்லா ஓடுதே,” என்றார் ஆய்வாளர். “உங்க பிள்ளைங்க யாராவது இங்க படிக்கறாங்களா?”

ஆசென் கதவின் மேலிருந்த விளக்கைப் பார்த்தார்.

“ஒரு பொண்ணு.”

“எந்த வகுப்பு?”

“பன்னிரண்டு ‘பி’.”

“அட, அங்கதான் போறேன்! நல்ல வகுப்பு. பதினெட்டும் இருக்கு.”

வகுப்பறை மின்தூக்கிக்கு எதிரிலேயே இருந்தது. கதவு திறந்தபடி இருக்க, ஆசென் கருவிப்பெட்டியைத் தரையில் வைத்துவிட்டு, இறுக்க வேண்டாத திருகு ஒன்றை இறுக்கத் தொடங்கினார். உள்ளே ஆய்வாளர் பெயர்களை வாசித்தார். பிள்ளைகள் ஒவ்வொருவராக ‘உள்ளேன்’ என்றார்கள்.

“நெவேனா திராக்னெவா.”

ஒரு நாற்காலியும் அசையவில்லை. ஆசென் திருகைப் பிடித்தபடியே நின்றார்.

“நெவேனா திராக்னெவா?”

“அடக்கமான பொண்ணு சார்,” என்றது கராபாஷேவாவின் குரல். “சத்தமா பேச மாட்டா.”

ஆய்வாளர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாக வகுப்பை ஒருமுறை பார்த்தார். ஜன்னலோரம் இரண்டாம் பெஞ்சில் ஓரிடம் காலியாக இருந்ததை அவர் கண்டாரா இல்லையா என்பது இன்றுவரை தெரியவில்லை. “இந்தக் காலத்துல இப்படிப் பிள்ளைங்க அபூர்வம்,” என்று சொல்லி அடுத்த பெயரை வாசித்தார். அந்த மாதச் சாதனைகளில், வருகைப் பதிவில் மாவட்டத்திலேயே முதலிடம் பெற்ற வகுப்பாகப் பன்னிரண்டு ‘பி’ வெளியாயிற்று.

அன்று பள்ளி விட்டபோது இஸ்க்ரா தெருமுனையில் காத்திருந்தாள்.

“ஆசென் மாமா, நான்தான் பசங்ககிட்டச் சொன்னேன். யாரும் அவளுக்குப் பதில் ‘உள்ளேன்’ சொல்லக்கூடாதுன்னு. மேடம் என்னைச் சொல்லச் சொன்னாங்க. எனக்கு வாய் வரல.” அவள் பள்ளிப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். “நாங்க வேற வேற வகுப்புக்குப் போயிருந்தாலே தேவலை மாமா. எங்களுக்காகன்னு நீங்க இத ஏன் ஒத்துக்கிட்டீங்க?”

ஆசென் நெஞ்சின்மேல் கைவைத்துப் பார்த்தார். சட்டைக்குள் தாள் மடங்கியபடி இருந்தது. “மே மாசம்மா,” என்றார். “மே மாசம் ஒட்டிடலாம்.”

பிப்ரவரியில் ஓராண்டு நிறைந்தது. வீட்டுக் கதவிலும், பேருந்து நிறுத்தத்துக் கம்பத்திலும், ரொட்டிக்கடையிலும் புதுத்தாள் ஒட்டினார்கள். “பள்ளியில?” என்று ரூமியானா கேட்டாள். ஆசென் மீதி ஒட்டுநாடாவை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டார். அன்று பிற்பகலில் நெவேனா ஆறு பாடவேளைகளிலும் வருகை தந்திருந்தாள்.

மே மாதம் வந்தது. பன்னிரண்டாம் வகுப்பு முடிந்து வெளியேறும் நாளில், அந்த ஊர்ப் பிள்ளைகள் தாம் படித்த ஆண்டுகளை ஒன்றுமுதல் பன்னிரண்டுவரை உரக்க எண்ணிக்கொண்டு தெருத்தெருவாகச் சுற்றுவார்கள். முதல் எண்ணிக்கை பள்ளி வாசலில் நடக்கும். நண்பகலில் ரூமியானாவின் கைபேசி ஒலித்தது. அவள் படித்தாள். பிறகு ஆசெனிடம் நீட்டினாள்.

‘நெவேனா திராக்னெவா படிப்பை நிறைவுசெய்தார். இக்கணக்கு மூடப்படுகிறது. நன்றி.’

“இப்பதான் போனா,” என்றாள் ரூமியானா. மேசைமேல் தலையைச் சாய்த்துக்கொண்டாள். ஆசென் அவள் தோளில் கைவைத்தார். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு புறப்பட்டார்.

கண்ணாடிக் கதவின்முன் கராபாஷேவா புத்தாடையில் நின்றிருந்தார். வாசலெங்கும் பலூன்கள். ஆசென் தாளைப் பிரித்தார். மடிப்புகளில் எழுத்து வெளிறியிருந்தது. நாற்பது நாள் ஆகிறது என்றது தாள்; ஓராண்டுக்கு மேல் ஆகியிருந்தது.

“மேடம், பசங்க முடிச்சாச்சு.”

“முடிச்சாச்சு! நூத்துக்கு நூறு!” தாளைக் கண்டதும் அவர் முகத்தில் துக்க விசாரணை ஒருகணம் வந்துபோயிற்று. “திராக்னெவ் சார், அதுலதான் ஒரு சிக்கல். பன்னிரண்டு மணியோட அவ எங்க மாணவியே இல்ல. எங்ககிட்ட இருந்தவரைக்கும் அவ இறக்கல. இறந்தவன்னா எங்ககிட்ட இல்ல. நான் எந்தக் கணக்குல ஒட்டறது?”

“நீங்க வார்த்தை குடுத்தீங்க.”

“குடுத்தேன், மறுக்கல. ஆனா அது போன கல்வியாண்டு வார்த்தை.”

அதற்குள் கதவு திறந்து பிள்ளைகள் வெளியே வந்தார்கள். பெண்கள் நீள அங்கிகளில், பையன்கள் கோட்டுகளில். தெருவில் வண்டிகள் ஒலிப்பானை விடாமல் அழுத்தின.

“டேய் போயான், கோட்டு உங்கப்பாவோட கல்யாணக் கோட்டா?”

“ஆமாண்டா, பட்டன் போட்டா மூச்சு விட முடியல. கல்யாணப் படத்துல எங்கப்பா ஏன் அப்படி முழிக்கறார்னு இப்பதான் புரியுது!”

சிரித்தார்கள். மிலேவா டீச்சர் கருவியுடன் படியிறங்கி எதிரே போய் நின்றார். பன்னிரண்டு ‘பி’ தோளோடு தோள் கோத்தது. ஆசென் ஓரமாக ஒதுங்கினார். தாள் அவர் கையில் இருந்தது. இஸ்க்ரா அதைப் பார்த்தாள்.

“ஒண்ணு!” என்று போயான் தொடங்கினான். “ரெண்டு! மூணு!” என்று எல்லாரும் சேர்ந்துகொண்டார்கள். ஒவ்வோர் எண்ணுக்கும் குதித்தார்கள். ஏழில் ஒருத்தியின் செருப்பு அறுந்தது, வெறுங்காலோடு குதித்தாள். “ஒம்பது! பத்து! பதினொண்ணு!”

நின்றுவிட்டார்கள்.

சொல்லிவைத்ததாகவும் தெரியவில்லை, மறந்ததாகவும் தெரியவில்லை. பதினேழு வாய்களும் மூடியிருந்தன. ஒலிப்பான்கள்கூட, ஏதோ தவறு நடந்துவிட்டதுபோல, ஒவ்வொன்றாக அடங்கின. நெவேனா படித்தது பதினொன்றுவரைதான்.

“பன்னிரண்டு!” என்றார் கராபாஷேவா, பின்னாலிருந்து. யாரும் திரும்பவில்லை. “பன்னிரண்டு சொல்லுங்க கண்ணுங்களா, பதிவாகுது!” பிறகு, வேறு வழியின்றி, இரு கைகளையும் தூக்கி, தாம் மட்டும் தனியாக, தெரு முழுதும் கேட்கும்படி கத்தினார்: “பன்னிரண்டு!”

இஸ்க்ரா வரிசையை விட்டு வந்தாள். “குடுங்க மாமா.”

தாளை வாங்கிக்கொண்டு கதவருகே போனாள். ஒட்டுநாடா ஆசெனின் கையில் இருந்தது. அதன் நுனி அவருக்கு அகப்படவில்லை. போயான் வாங்கிப் பல்லால் கடித்து நான்கு துண்டாக்கினான். நிதித்திட்ட அறிவிப்புக்குப் பக்கத்தில், கண்ணாடியின்மேல் தாள் பொருந்தியது. இஸ்க்ரா உள்ளங்கையால் மடிப்புகளை நீவிவிட்டாள். படத்தில் நெவேனா கொஞ்சம் பக்கவாட்டில் பார்த்துக்கொண்டிருந்தாள், அங்கே ஏதோ ஆறு ஓடுவதுபோல.

“மிலேவா!” என்றார் கராபாஷேவா அடிக்குரலில். “கதவு விழாம எடுங்க. பசங்கள மட்டும்.”

“சரி மேடம்,” என்றார் மிலேவா டீச்சர். இரண்டடி பின்னுக்குப் போனார். பிறகு இன்னும் இரண்டடி. “எல்லாரும் கதவுப் பக்கம் திரும்பாம என்னைப் பாருங்க. நெருங்கி நில்லுங்க. நடுவுல கொஞ்சம் இடம் விடுங்க. ஆங், அப்படியே.” இம்முறை அவர் யாரையும் சிரிக்கச் சொல்லவில்லை.

ஆசென் வீட்டுக்கு வந்தபோது ரூமியானா கேட்கவில்லை. அவராகவே சொன்னார்: “ஒட்டியாச்சு.”

தாள் அன்று மாலைவரை இருந்தது. பிறகு வெந்நீர் ஊற்றித் துடைத்தார்கள். நிதித்திட்டக் கண்ணாடி பழையபடி பளிச்சென்று ஆயிற்று. ஆனால் அதற்குள் மிலேவா டீச்சர் தம் வேலையை முடித்திருந்தார். படம் பக்கத்தில் ஏறி, தானாகவே வட்டார அலுவலகத்துக்குப் போய், எண்ணிக்கையில் சேர்ந்துவிட்டது. அதை எடுக்கும்படி கராபாஷேவா மூன்று நாள் தொலைபேசிப் பார்த்ததாகவும், ஒருமுறை பதிவான சாதனையைத் திரும்பப்பெற விதியில் இடமில்லை என்று அலுவலகம் அவரைப் பாராட்டியதாகவும் பின்னர் தெரியவந்தது.

ரூமியானா படத்தைக் கைபேசியில் பெரிதாக்கினாள். அடியில் எழுதியிருந்தது: ‘பன்னிரண்டு ‘பி’ வகுப்பின் பதினெட்டு மாணவர்களும் பள்ளிக் கதவின்முன்.’

அவள் விரல்நுனியால் தலைகளை ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினாள். இஸ்க்ரா, போயான், செருப்பறுந்த பெண் என்று நகர்ந்து, பதினேழாவது பையனிடம் விரல் நின்றது. பிறகு நடுவில் விட்டிருந்த இடைவெளியின் வழியே மெல்லப் பின்னுக்குப் போய், கதவின்மேல் இருந்த கறுப்புக் கரையிட்ட சிறு சதுரத்தைத் தொட்டது.

“சரியாத்தான் போட்டிருக்காங்க,” என்றாள்.